ஓர் எழுத்து கட்டியான கதை

ஸ்கேன் அறிக்கையில் "3 செ.மீ. ஃபைப்ராய்டு" என்ற வரியைப் பார்க்கும்போது, அந்தக் கட்டி பெரும்பாலும் சில ஆண்டுகளாவது உள்ளே குடியிருந்திருக்கும். அதிக உதிரப்போக்கோ, அடிவயிற்று பாரமோ, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனோ காட்டிக்கொடுக்கும்வரை அது இருப்பதே தெரியாது. பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 50 வயதுக்குள் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கும் கருப்பையில் இந்த நார்க்கட்டி உண்டாகிறது. இத்தனை பேருக்கு வருவது எங்கிருந்து கிளம்புகிறது என்பது 2011-ல்தான் ஓரளவு பிடிபட்டது.

கருப்பையின் சுவர் தடித்த தசை. அதிலுள்ள எண்ணற்ற செல்களில் ஒன்று பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. அப்போது ஓர் எழுத்து பிசகுகிறது. ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ விழுகிறது. இது தாயிடமிருந்து வந்ததில்லை, மகளுக்குப் போகப்போவதும் இல்லை. அந்தப் பெண்ணின் உடலிலேயே அந்த ஒரு செல்லுக்கு மட்டும் நேர்ந்தது. அந்தச் செல்லின் வாரிசுகள்தான் பிற்பாடு ஸ்கேனில் தெரியும் உருண்டை.

ஒரே செல்லின் வாரிசுகள் என்று எப்படித் தெரியும்? டிஎன்ஏவின் எழுத்துகளை வாசிக்க வழியே இல்லாத 1965-ல் டேவிட் லிண்டர், ஸ்டான்லி கார்ட்லர் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் ஒன்று கருவிலேயே வாயடைக்கப்படுகிறது என்று 1961-ல் மேரி லயன் சொல்லியிருந்தார். எது அடைபடும் என்பது செல்லுக்குச் செல் மாறும். ஜி6பிடி என்ற நொதியின் மரபணு எக்ஸில் இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் சிலரிடம் அந்த நொதி இரண்டு வகையாக இருக்கும். அவர்களுடைய கருப்பைத் தசையின் ஒரு துணுக்கில் இரண்டு வகையும் கலந்திருந்தன. நார்க்கட்டி ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு வகை மட்டுமே இருந்தது. ஆக, ஒவ்வொரு கட்டியும் ஒரே செல்லின் வம்சம். ஒரே கருப்பையில் ஐந்து கட்டிகள் இருந்தால் அவை ஒன்றிலிருந்து ஒன்று பரவியவை அல்ல; பெரும்பாலும் தனித்தனியே முளைத்தவை.

வம்சம் தெரிந்தது, மூலப் பிழை தெரியவில்லை. அதற்கு 46 ஆண்டுகள் ஆயின. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லவுரி ஆல்டோனனின் குழு, அறுவை முடிந்து வந்த கட்டிகளின் மரபணுக்களை எழுத்து எழுத்தாக வாசித்தது. முதலில் 18 கட்டிகள். அவற்றில் பத்தில், மெட்12 என்ற ஒரே மரபணு பிசகியிருந்தது. பிறகு 80 பெண்களின் 225 கட்டிகளைப் பார்த்தார்கள். 159-ல் அதே மரபணுவில் பிழை. அதுவும் மரபணு முழுக்கச் சிதறியில்லாமல் ஒரு சிறு பகுதியில் குவிந்திருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 44-வது இடம்தான் முக்கியக் குறி. அங்கே இருக்கவேண்டிய கிளைசின் போய் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

மெட்12-ம் எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கிறது. 1965-ல் கட்டியின் வம்சத்தைக் காட்டிக்கொடுத்த அதே வாயடைப்பு இங்கே அதன் கூட்டாளி ஆகிவிட்டது. வாய் திறந்திருக்கும் எக்ஸில் பிழை விழுந்தால், இன்னொரு எக்ஸில் நல்ல பிரதி இருந்தும் பயனில்லை. அதை யாரும் வாசிப்பதில்லை. ஹெல்சிங்கி குழு கட்டிகளின் ஆர்என்ஏவைப் பார்த்தபோது, வெளிப்பட்டது பெரும்பாலும் பிழையான பிரதிதான்.

இந்த மரபணுவின் வேலை என்ன? எல்லாச் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றுதான். எதை வாசிப்பது, எவ்வளவு வாசிப்பது என்பதில்தான் தசை தசையாகவும் தோல் தோலாகவும் ஆகிறது. அந்த உத்தரவை, மரபணுவை வாசிக்கும் நொதியிடம் சேர்க்கும் பெரிய புரதக் கூட்டணிக்கு மீடியேட்டர் என்று பெயர். மெட்12 அதில் ஓர் உறுப்பினர். சைக்ளின்-சி, சிடிகே8 என்ற இரண்டோடு கைகோத்து உத்தரவைத் திருத்துவது அதன் பொறுப்பு. 44-வது இடம் பிசகினால் கைப்பிடி நழுவுகிறது, சிடிகே8 வேலை செய்வதில்லை. கல்யாணச் சமையலில் சாமான் எல்லாம் சரியாக வந்திறங்கி, அளவு சொல்லும் தலைமைச் சமையல்காரர் மட்டும் தடுமாறினால் என்ன ஆகுமோ அதுதான். மற்ற மரபணுக்களில் பழுது இல்லாமலே பலவற்றின் வெளிப்பாடு கூடிக் குறைகிறது.

கூடுபவற்றில் முக்கியமானவை கொலாஜன் போன்ற நார்ப்புரதங்களின் மரபணுக்கள். செல்கள் தங்களைச் சுற்றி நாரை நெய்துகொண்டே போகின்றன. கட்டியின் பருமனில் பெரும்பங்கு செல்கள் இல்லை, இந்த நார்தான். அறுவை மேசையில் வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக, ரப்பர்போல இறுகி, சுழிசுழியாகத் தெரிவது அதனால்தான். மெட்12 கட்டிகளில் தசைச் செல்களோடு நார்ச்செல்களும் கணிசமாக உண்டு. ஆனால் பிழை இருப்பது தசைச் செல்களில் மட்டும். பிழையில்லாத அண்டைச் செல்களையும் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது இந்த வம்சம்.

எல்லா நார்க்கட்டிக்கும் மூலம் இதுவே இல்லை. 12-ம் 14-ம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால், பெரியவர்களின் திசுக்களில் பெரும்பாலும் அடங்கியிருக்கும் ஹெச்எம்ஜிஏ2 மரபணு விழித்துக்கொண்டு உருவாக்கும் கட்டிகள் உண்டு. அவை பெரும்பாலும் தனியாக, பெரிதாக வளரும். ஃபியூமரேட் ஹைட்ராடேஸ் என்ற நொதியின் மரபணுக் கோளாறு குடும்பத்தில் வருவது. இளம் வயதிலேயே பல கட்டிகள், அதோடு சிறுநீரகப் புற்றுக்கான அபாயமும் சேர்ந்து வருவதால் இதை மட்டும் தவறவிடக் கூடாது. 2021-ல் ஹெல்சிங்கிக் குழுவே, 728 பெண்களின் 2,263 கட்டிகளை ஆராய்ந்து இன்னொரு வகையைச் சேர்த்தது. அதில் டிஎன்ஏ சுற்றிவைக்கப்படும் புரதங்களில் ஒன்றை உரிய இடத்தில் பொருத்தும் இயந்திரம் பழுதாகியிருந்தது. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் விளைவு ஒன்றே: மரபணுக்களை வாசிக்கும் ஒழுங்கு குலைகிறது.

பிழை மட்டும் கட்டியை வளர்த்துவிடாது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் புரோஜெஸ்டிரோனை வாங்கும் ஏற்பிகளைத் திறந்துவைக்கிறது, புரோஜெஸ்டிரோன் வளர்க்கிறது. கட்டி தானே அரோமடேஸ் என்ற நொதியைக் கொண்டு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரித்துக்கொள்கிறது என்பது இதன் சாமர்த்தியம். பூப்புக்கு முன் கட்டி வருவதில்லை, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்குகிறது. 2014-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மார்பகத்தின் சாதுவான ஃபைப்ரோஅடினோமா கட்டிகளில் பாதிக்கும் மேலானவற்றில் இதே மெட்12 பிழையைக் கண்டார்கள். கருப்பையும் மார்பும் ஒரே ஹார்மோன்களுக்குச் செவிசாய்ப்பவை என்பதை நினைத்தால் இது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இந்தச் செல்கள் பிடிவாதமானவை. வளர்ப்புத் தட்டில் வைத்தால் பிழையுள்ள தசைச் செல்கள் மறைந்து, நார்ச்செல்களே மிஞ்சும். இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். பெண்களின் நோய் என்பதால் உயிர்க்கொல்லி நோய்களுக்குக் கிடைத்த அக்கறை இதற்குக் கிடைக்காததும் காரணம் என்பது என் கட்சி. 2015-ல்தான் எலியின் கருப்பையில் இந்தப் பிழையைப் புகுத்திக் கட்டி முளைப்பதைக் காட்டினார்கள். குற்றம் அன்றுதான் நிரூபணமானது.

இவ்வளவு தெரிந்தும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பயன் குறைவு. மெட்12-ஐக் குறிவைக்கும் மருந்து இன்னும் புழக்கத்தில் இல்லை. ஹார்மோனை அடக்கும் மாத்திரைகள், ரத்தக்குழாயை அடைப்பது, கட்டியை மட்டும் எடுப்பது எனப் பல வழிகள் இருந்தும் "கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்" என்ற யோசனை எளிதாக வந்துவிடுகிறது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை அமல்படுத்தும்படி மாநிலங்களுக்கு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 72 பெண்களின் 262 கட்டிகளை எம்ஆர்ஐயில் தொடர்ந்து கவனித்தது. ஒரே பெண்ணின் கருப்பையில் ஒன்று வளர, இன்னொன்று சும்மா இருக்க, வேறொன்று தானாகச் சுருங்கியதும் உண்டு. நார்க்கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. ஆகவே அறிக்கையில் அந்த வரியைக் கண்டதும் பதறாதீர்கள். கட்டி கருப்பையின் உள்பக்கம் துருத்துகிறதா, சுவருக்குள்ளா, வெளிப்பக்கமா, ரத்தசோகை இருக்கிறதா, குழந்தைப்பேற்றைத் தடுக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின்னும் வளர்ந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். தொந்தரவு எதுவும் தராத கட்டியைப் பெரும்பாலும் கண்காணித்தால் போதும்.