ஆடவல்லானும் அருகில் நின்ற உமையும்

ரோம் நகரில் வாழ்ந்த ஓவியர் பொம்பெயோ பத்தோனி 1773இல் ‘ஊதாரி மைந்தனின் வருகை’யைத் தீட்டினார். அது இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெற்றுடம்போடு வீடு வந்த மகனைத் தந்தை தம் மேலாடைக்குள் இழுத்து அணைத்துக்கொள்கிறார். இருவரும் ஒரே திரையில் இருப்பதால், ஓவியம் எந்த நாட்டுக்குக் கைமாறினாலும் அந்த அணைப்பு பிரியாது.

நம் செப்புத் திருமேனிகளுக்கு அந்தக் காப்பு இல்லை. சோமாஸ்கந்தர் குடும்பத்தோடு ஒரே பீடத்தில் அமர்வார். நடராசரும் சிவகாமி எனும் உமையுமோ தனித்தனியே மெழுகில் உருவாகி, தனித்தனியே வார்க்கப்பட்டு, தனிப் பீடங்களில் நிற்பவர்கள். ஸ்தபதி அமைத்த நிலையும் நோக்கும்தான் அவர்களைச் சேர்த்து வைக்கின்றன. மலரேந்தும் வலக்கை, தளர்ந்து தொங்கும் இடக்கை, ஒசிந்த இடை என அம்மை அத்தனை அமைதியாக நிற்பது பக்கத்தில் ஐயன் ஆடுவதால்தான். அவள் இல்லாத நடராசரை எந்தக் கண்ணாடிப் பேழையில் கண்டாலும் எனக்கு அது பாதிக் காட்சியாகவே படுகிறது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலில் பூசை நின்று, கதவு பூட்டியே கிடந்தது. 2008இல் அதிகாரிகள் திறந்து பார்த்தபோது எட்டுத் திருமேனிகளைக் காணவில்லை. அதற்குள் அவை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரின் கைக்குப் போய், கடல் கடந்து விற்பனையாகிக்கொண்டிருந்தன. நடராசரை ஆஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உமையைச் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007 பிப்ரவரியில் ஆறரை லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. கபூர் மீதான நியூயார்க் வழக்கு ஆவணங்கள் அவளை ‘நடராசருக்கான உமை’ என்றே குறிக்கின்றன. யாருக்குரியவள் என்று பெயரிலேயே இருந்தும் ஐயன் கான்பெராவிலும் அம்மை சிங்கப்பூர் ஆற்றங்கரை எம்பிரஸ் பிளேசிலுமாகப் பிரிந்திருந்தார்கள். சிராங்கூன் சாலையில் காளியம்மனைத் தொழுதுவிட்டு அரும்பொருளகம் போனவர்கள் இந்த உமை முன்னும் நின்றிருப்பார்கள். அவள் எப்படி வந்தாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உண்மை வெளிவரப் புகைப்படங்கள் உதவின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் களவுக்கு முன்பே ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். வார்ப்பில் நேர்ந்த சிறு குறையும் தேய்மானமும் திருமேனிக்குத் திருமேனி மாறுபடும். விற்பனைப் பட்டியலில் உள்ள படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால் களவு தெரிந்துவிடும். இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தம் வேலையாகவே எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் நம் சிங்கப்பூரில் கப்பல் துறையில் பணியாற்றிய எஸ். விஜயகுமார். அனுராக் சக்சேனாவோடு சேர்ந்து அவர் இங்கே தொடங்கிய ‘இந்தியா பிரைட் புராஜெக்ட்’ சம்பளமில்லாத ஆர்வலர்களின் உழைப்பால் நடந்தது. இந்நகரத் தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய பணி இது.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுதில்லியில் நடராசரை ஒப்படைத்தார். மறு ஆண்டு சிங்கப்பூரும் உமையைத் திருப்பித் தர இசைந்தது. நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருளையும் விட்டுக்கொடுத்த அச்செயலை நான் மதிக்கிறேன்.

மார்கழித் திருவாதிரையன்று இங்குள்ள சிவாலயங்களில் ஐயனும் அம்மையும் சேர்ந்தே காட்சி தருவார்கள். களவைக் காட்டிக்கொடுத்தவை பழைய படங்களே என்பதால், அந்தத் திருமேனிகளையும் முன்னும் பின்னும் படமெடுத்து, உயரமும் எடையும் குறித்து, கோயில் பதிவேட்டில் சேர்த்துவைக்கும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.