வேட்டைக் கணக்கு எழுதிய பாதுஷா

காங்கரியா ஏரிக்கரை நம் காலனிக் குழந்தைகளுக்குப் புதிய இடமன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்குள்ள மிருகக்காட்சிசாலைக்குப் போகவேண்டும் என்று ஒரு குழந்தை தொடங்கினால், நாலு வீட்டுக் குழந்தைகள் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சென்ற ஒரு நாளில், புலியின் கூண்டருகே நின்ற பக்கத்து வீட்டுச் சிறுவன், “மாமா, அந்தக் காலத்து ராஜாக்கள் வேட்டையாடுவார்களாமே, ஒரு ராஜா எத்தனை புலி கொன்றிருப்பார்?” என்று கேட்டான். “நூறு இருக்கும், நட” என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டோம்.

தினமும் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நாம், வாயில் வந்த எண்ணைச் சொன்னது பிறகு மனத்தை உறுத்திற்று. ஏனெனில், ஒரே ஓர் அரசரைப் பொறுத்தவரை அக்கேள்விக்குத் திட்டமான விடை உண்டு. அவரே எழுதிவைத்துப் போயிருக்கிறார். அவர் 1618ஆம் ஆண்டு ஜனவரியில் இதே காங்கரியா ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கியவர். முகலாய பாதுஷா ஜஹாங்கீரே அவர்.

ஜஹாங்கீர் தம் வாழ்க்கைக் குறிப்புகளைப் பாரசீக மொழியில் தாமே எழுதினார். அதனை அலெக்ஸாண்டர் ராஜர்ஸ் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்க்க, ஹென்றி பெவரிட்ஜ் திருத்திப் பதிப்பிக்க, 1909லும் 1914லும் இரு பாகங்களாக வெளிவந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற நமக்கு அந்த ஆங்கிலம் சற்றுக் கடினந்தான். எனினும் இரவு நேரங்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தோம். அதில் நம்மை முதலில் பிடித்து நிறுத்தியது ஒரு கணக்குப் பக்கமே.

1617ஆம் ஆண்டு, பட்டமேறிய பதினோராம் வருஷம் முடிந்தவுடன், பாதுஷாவுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பன்னிரண்டாம் வயது முதல் அதுவரை தாம் ஆடிய வேட்டை எவ்வளவு என்று கூட்டிச் சொல்லுமாறு, நிகழ்ச்சி எழுதுவோரையும் வேட்டைக் கணக்கரையும் பணித்தார். வேட்டைக்கென்றே தனிக் கணக்கர் இருந்திருக்கிறார்கள், பாருங்கள்! அவர்கள் கொடுத்த தொகை இது: பாதுஷாவின் முன்னிலையில் வீழ்ந்தவை 28,532, அவற்றுள் அவர் தம் கையாலேயே கொன்றவை 17,167. ஏறக்குறைய 37 ஆண்டுகளில் இத்தனை என்றால், நாளொன்றுக்கு ஓர் உயிருக்கும் மேல் ஆகிறது.

விவரமும் உண்டு. நாற்கால் பிராணிகள் 3,203. அவற்றில் புலி 86, நீல்காய் என்னும் பெருமான் 889, கலைமானும் புள்ளிமானும் மலையாடும் இவை போன்றவையும் 1,670, ஓநாய் 64, பன்றி 90, காட்டெருமை 36, முயல் 23, இன்னும் பல. புலி என்று நாம் எழுதிய இடத்தில் மூலத்தில் உள்ள ‘ஷேர்’ என்னும் சொல் சிங்கத்துக்கும் வழங்குவது. ஆகையால் அந்த 86ல் சில சிங்கங்களாகவும் இருக்கலாம். பறவைகளின் தொகை 13,964. இதில் புறா மட்டும் 10,348. காகம் 3,276. மற்றப் பறவைகள் எல்லாம் சேர்ந்து 330.

கூட்டிப் பார்க்கும் வழக்கம் நம்மை விடுமா? கூட்டினோம். 13,954தான் வந்தது. பத்து உதைத்தது. மூன்று முறை கூட்டியும் அதே பத்து. கடைசியில் அடுத்த வரியைப் பார்த்த பிறகே விளங்கிற்று: நீரில் வாழ்வன, முதலை 10. முதலைகளைப் பறவைகளின் கூட்டுத் தொகையில் சேர்த்துவிட்டிருக்கிறார் அந்தக் கணக்கர். நானூறு ஆண்டுகளுக்கு முன் மாண்டு கோட்டை நாட்களில், பாதுஷா கேட்கிறார் என்ற அவசரத்தில் ஏடு முடித்த அந்த மனிதர்மீது நமக்கு ஒருவிதச் சொந்தமே உண்டாயிற்று.

ஆனால் அந்தப் புறாக்கள்! புலியை எதிர்ப்பதில் ஒரு துணிவு உண்டென்பார்கள். புறாவிலும் காகத்திலும் என்ன துணிவு? சுடுவது கைக்குப் பழகிவிட்டது. பறப்பதைக் கண்டால் சுடுகிறார். அவ்வளவே என்று நமக்குத் தோன்றுகிறது. நாமும் சிறுவயதில் ஊர்க் குளக்கரையில் உண்டிவில்லோடு அலைந்தவர்களே. அணில் விழுந்தால் எடுத்துப் பார்ப்போம். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாது, போட்டுவிட்டு வருவோம். அடுத்த நாளும் போவோம்.

அந்தப் பழக்கம் பாதுஷாவை எவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று என்பதற்கு 1610ஆம் ஆண்டில் நடந்தது சான்று. ஒரு நீல்காயைத் துரத்திச் சென்று, சுடும் தூரத்துக்கு வந்துவிட்டார். அச்சமயம் ஒரு குதிரைக்காரனும் இரு பல்லக்குத் தூக்கிகளும் அறியாமல் எதிரே வந்துவிட்டார்கள். விலங்கு வெருண்டு ஓடிவிட்டது. வந்த கோபத்தில் குதிரைக்காரனை அவ்விடத்திலேயே கொல்லச் சொன்னார். பல்லக்குத் தூக்கிகள் இருவருக்கும் குதிகால் நரம்பை அறுத்து, கழுதைமேல் ஏற்றிப் பாளையம் முழுவதும் சுற்றிவரச் செய்தார். பிறகு வேட்டையைத் தொடர்ந்தார். இவ்வளவையும் பிறர் எழுதவில்லை. அவரே எழுதியிருக்கிறார், வருத்தம் ஒரு சொல்லுமின்றி. இந்தப் பக்கத்தைப் படித்த இரவில் நூலை மூடி வைத்துவிட்டோம். மறுபடி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

எடுத்ததும் நல்லதாயிற்று. இதே மனிதர்தாம் மன்ஸ்ராஜ் என்று பெயரிட்டு ஒரு மானை வளர்த்தார். அது இறந்ததும் 1607ஆம் ஆண்டில் அதன் நினைவாகக் கல் நாட்டி, அந்தச் சமவெளியில் எவரும் மானை வேட்டையாடலாகாது என்று ஆணையிட்டார். அவ்விடத்தில் எழுந்த ஹிரன் மினார் இன்று பாகிஸ்தானில் ஷேக்குபுரா ஊரருகே இருக்கிறது. ஒரு மானுக்குக் கோபுரம், மூன்றாண்டு கழித்து ஒரு குதிரைக்காரனுக்கு மரணம். இரண்டையும் ஒரே உள்ளத்தில் வைத்து எண்ணுவது கடினமாயிருக்கிறது.

1618ஆம் ஆண்டு மழைக்காலத்தை அவர் நம் ஆமதாபாத்தில் கழிக்க நேர்ந்தது. இவ்வூரை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. இதைக் கட்டியவன் இங்கே என்ன அழகைக் கண்டானோ என்று கேட்டு, ‘கர்தாபாத்’, அதாவது புழுதியூர் என்று பெயரும் சூட்டினார். மே மாதத்தில் நம் காலனித் தாய்மார்கள் தினமும் மூன்று தடவை வீடு பெருக்கும்போது சொல்வதைத்தான் பாதுஷாவும் சொல்லியிருக்கிறார். ஆனால் புழுதியும் நோயுமாகக் கிடந்த அந்த மாதங்களில்தான் அவர் நூலின் மிக அழகிய பகுதிகளுள் ஒன்று எழுதப்பட்டது.

லைலா, மஜ்னூன் என்று பெயரிட்ட இரு சாரஸப் பறவைகள் அவரிடம் இருந்தன. கேடா மாவட்டத்து நெல்வயல்களில், சிவந்த தலையும் ஆள் உயரமுமாக இணை பிரியாமல் நிற்கும் அப்பறவைகளை ரயில் ஜன்னலிலிருந்து நம்மவர் பலரும் பார்த்திருப்பீர்கள். பெட்டை முட்டையிட்டது. பாதுஷா நாள் தவறாமல் கவனித்தார். ஆள் வைத்துக் கவனிக்கச் செய்தார். இரவு முழுவதும் பெட்டை அடைகாக்க, சேவல் பக்கத்தில் நின்று காவல் புரிகிறது. விடியும் வேளையில் சேவல் வந்து அலகால் பெட்டையின் முதுகைக் கோதுகிறது. உடனே பெட்டை எழுந்து இடம் விட, சேவல் அமர்கிறது. இதைப் படிக்கும்போது, பத்தாயிரம் புறாக்களைச் சுட்டவர் எழுதியதுதானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். துப்பாக்கியின் குறிக்காகப் பயின்ற கண் அது. இப்போது அதே கண் வெறுமனே பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

அவ்வாண்டிலேயே அந்த முடிவும் வந்தது. ஐம்பது வயதானதும் துப்பாக்கி வேட்டையை விட்டுவிடுவதாக, இளவரசராக இருந்த காலத்திலேயே அவர் கடவுளிடம் நேர்ந்துகொண்டிருந்தாராம். இளமையில் ஐம்பது என்பது எட்டாத தூரத்தில் தெரியும். நாமும் எத்தனையோ காரியங்களை அப்படித்தான் ஐம்பதுக்கு ஒத்திவைத்தோம், அது இப்போது அடுத்த ஸ்டேஷனாக வந்து நிற்கிறது. பாதுஷாவுக்கு ஐம்பது வந்தது. அத்துடன் ஒரு துன்பமும் வந்தது. இளவரசர் குர்ரமின் மகன் ஷா ஷுஜா இரண்டு வயதுக் குழந்தை. நூர்ஜஹான் வளர்த்த அப்பிள்ளை பாட்டனாருக்கு உயிர். அதற்கு வலிப்பு நோய் கண்டு, மருத்துவம் எதுவும் பலிக்கவில்லை. பழைய நேர்த்தியை நினைத்துக்கொண்டார் பாதுஷா. இனி என் கையால் எந்த உயிருக்கும் ஊறு செய்யேன், இக்குழந்தை பிழைக்கட்டும் என்று வேண்டினார். குழந்தை தேறிற்று.

இதற்கு அவர் குடும்பத்திலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. ஜஹாங்கீர் தாய் வயிற்றில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அசைவு நின்றுவிட்டதாம். சிவிங்கிகளை விட்டு வேட்டையாடிக்கொண்டிருந்த அக்பர் இதைக் கேட்டு, இனி வெள்ளிக்கிழமைகளில் சிவிங்கி வேட்டை ஆடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். நம் ஊர்களில் பிள்ளைக்காக அசைவத்தை விடும் தாய்மார்கள் இருக்கிறார்களே, அதே மனந்தான்.

விட்டவர் எப்படி இருந்தார்? 1619ஆம் ஆண்டு அக்டோபரில் மதுரா அருகே ஒரு புலி குடிகளை வருத்துவதாக முறையிட்டார்கள். தம் கையால் கொல்வதில்லை என்பதால் நூர்ஜஹானைச் சுடச் சொன்னார் பாதுஷா. புலியின் வாடை பட்டால் யானை நிலைகொள்ளாது; அதன்மேல் அம்பாரியிலிருந்து குறி வைப்பது எளிதன்று. கைதேர்ந்த மிர்ஸா ருஸ்தமே அப்படிச் சுட்டு மூன்று நான்கு முறை தவறியதுண்டு. நூர்ஜஹான் முதல் குண்டிலேயே புலியை வீழ்த்தினார். பாதுஷா இதைப் பெருமையோடு எழுதுகிறார். வேட்டையில் அவருக்கு இருந்த விருப்பம் முற்றும் அற்றுவிடவில்லை என்பது அந்த வரிகளில் தெரிகிறது. கை மட்டுமே ஓய்ந்திருந்தது.

நம் சௌராஷ்டிரத்துக் கிர்நார் மலையடிவாரத்தில் அசோகனின் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாயிராது. முன்னிருந்த அரசர்களின் வேட்டைப் பயணங்களுக்குப் பதிலாக அறப்பயணம் மேற்கொண்டதாகச் சொல்லும் அசோகனும், தன் அடுக்களையில் இன்னும் இரண்டு மயிலும் ஒரு மானும் கொல்லப்படுவதையும், மான் எப்போதும் இல்லை என்பதையும், இனி அவையும் நிறுத்தப்படும் என்பதையும் மறைக்காமல் கல்லில் வெட்டிவைத்தான். இத்தகைய பற்று ஒரே நாளில் அறுவதில்லை போலும்.

ஜஹாங்கீர் விஷயத்தில் அறுந்தது மறுபடி ஒட்டிக்கொண்டது. எந்தக் குர்ரமின் மகனுக்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்தாரோ, அந்தக் குர்ரம், பின்னாளில் தாஜ்மஹால் கட்டிய ஷாஜஹான், 1622ல் தந்தையை எதிர்த்துக் கிளம்பினார். மனம் நொந்த பாதுஷா மீண்டும் துப்பாக்கியை எடுத்தார். அரண்மனையில் துப்பாக்கி இல்லாமல் எவரும் இருக்கலாகாது என்றும் கட்டளையிட்டார். பிள்ளையின்மேல் கோபம்; அது விலங்குகளின்மேல் விடிந்தது. நேர்த்தியை மீறினார் என்று குறை கூறுவோர் கூறலாம். நமக்கு அவர்மீது இரக்கமே உண்டாகிறது. நான்கைந்து ஆண்டுகள் அடக்கிவைத்தது, வீட்டுச் சண்டையில் திரும்பி வருவதை நாம் காலனியிலேயே வேறு வடிவங்களில் பார்க்கவில்லையா?

கடைசி வேட்டை 1627ல். அப்போது அவருக்கு வயது 58. மூச்சிரைப்பு முற்றி, உடல் மெலிந்து, காஷ்மீரிலிருந்து லாகூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பீர் பஞ்சால் மலைவழியில் பைராம்கலா என்னும் இடத்தில் மான்களைக் குன்றின் விளிம்புக்கு ஓட்டி வருவார்கள். பாதுஷா கீழே அமர்ந்து சுடுவார். அடிபட்ட மான் உருண்டு கீழே வரும். அன்றும் அப்படியே ஏற்பாடாயிற்று. அடிபட்ட மான் ஒன்று பாறைத் திட்டில் தங்கிவிட்டது. அதை எடுக்கப் போன ஒரு காலாள் கால் வழுக்கி விழுந்து, பாதுஷாவின் கண்ணெதிரிலேயே உடல் சிதைந்து மாண்டான்.

அவர் நடுங்கிப்போனார். வேட்டையை நிறுத்தினார். அந்தக் காலாளின் தாய் அழுதுகொண்டு வந்தாள். அவளை அருகழைத்துப் பொருள் கொடுத்தனுப்பினார். ஆனாலும் அவர் மனம் தேறவில்லை. எமனையே நேரில் கண்டதுபோல் இருந்தார் என்று அரசவைச் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் குதிரைக்காரனைக் கொல்லச் சொன்னபோது துடிக்காத நெஞ்சு இது. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். நாம் படித்த அளவில் குதிரைக்காரனின் பெயரும் இல்லை, இந்தக் காலாளின் பெயரும் இல்லை. முதலைகளைக்கூட எண்ணி எழுதிய கணக்கில் இவர்களுக்கு ஒரு வரி இல்லாதது நமக்குப் பொறுக்கவில்லை.

பாதுஷா அதன்பின் எழவில்லை. ராஜௌரியைக் கடந்து வரும் வழியில் மது கேட்டாராம். உதட்டருகே கொண்டுபோனபோது விழுங்க முடியவில்லை. இரவு கழிந்து விடிவதற்குள் நிலைமை முற்றி, காலையில் உயிர் பிரிந்தது. உடலை லாகூருக்குக் கொண்டுபோய் ராவி ஆற்றுக்கு அப்பால் ஷாதராவில் அடக்கம் செய்தார்கள். 1617க்குப் பிறகு அவருடைய வேட்டைத் தொகையை யாரும் கூட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்த முறை காங்கரியாவுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் நூறு அன்று, 86 என்று திருத்திச் சொல்ல எண்ணியிருக்கிறோம். குதிரைக்காரன் கதையை இப்போது சொல்வதற்கில்லை. அவன் தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கிறான். பெரியவனானதும் இந்த மலரை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.