நீர்க்கொளுவனும் வேப்பிலை வருடலும்: சின்னம்மைப் பணிவிடையின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றிய தம் ஆய்வை 1907இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாகவும், பின்னர் விரித்து 1916இல் நூலாகவும், 1921இல் அதன் இரண்டாம் பதிப்பாகவும் வெளியிட்டார். மாரியம்மனைப் பெரியம்மையின் தெய்வமாக வகைப்படுத்திய அந்நூல், இத்தகைய தெய்வங்களுக்குச் செய்யப்படும் வழிபாட்டின் ஒரே நோக்கம் அவற்றின் சினத்தைத் தணித்துக் கேட்டை விலக்குவதே என்று முடிவு கூறியது. அம்மை கண்ட குழந்தைக்கு வீட்டில் செய்யப்படும் பணிவிடைகளையும், அதாவது வேப்பிலையால் வருடுதல், அடுப்பில் தாளிப்பை நிறுத்துதல், தாலாட்டுப் பாடுதல், தலைக்குத் தண்ணீர் ஊற்றுதல் ஆகியவற்றையும், இந்த அச்சக் கோட்பாட்டுக்குள் அடக்கிப் பார்க்கும் பழக்கத்துக்கு இந்நூல் ஒரு முக்கிய ஊற்று எனலாம். இப்பணிவிடைகளின் வரலாற்றைச் சின்னம்மையின் பக்கம் நின்று பார்த்தால் அம்முடிவு எவ்வளவு தாங்கும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

ஒயிட்ஹெட்டின் தரவுகள் பெரும்பாலும் ஊர்ப் பொதுவில் நடப்பவை: திருவிழா, எருமைப் பலி, எல்லைச் சடங்கு, பூசாரியின் பங்கு ஆகியவை. அவற்றை அவர் பொறுமையாகத் தொகுத்தார் என்பதில் ஐயமில்லை. பிற்கால ஆய்வாளர் பலர் அத்தொகுப்பின் மேல் நின்றே அவரோடு வாதிட முடிந்தது. ஆயினும் அம்மை போட்ட வீடு என்பது வாசலில் வேப்பிலை செருகப்பட்டு, வெளியார் நுழைவு விலக்கப்பட்டு, பெண்களின் பொறுப்பில் விடப்பட்ட இடம். ஆங்கிலேயப் பேராயர் ஒருவர் அதன் உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஊர் எல்லையில் கண்டதைக் கொண்டு வீட்டின் உட்புறத்தையும் விளக்கியதே அவர் முடிவின் அடிப்படைக் குறை. பெரியம்மை, தடுப்பூசி பெறாமல் நோயுற்றவர்களில் ஏறத்தாழ 100க்கு 30 பேரைக் கொன்ற நோய் என்பதால், அச்சம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத சின்னம்மைக்கும் அதே வேப்பிலையும் அதே பாடலும் ஏன் என்பதற்கு அச்சக் கோட்பாட்டில் விடை இல்லை.

இரண்டு நோய்களையும் பிரித்தறியத் தெரியாததால் இரண்டுக்கும் ஒரே சடங்கைச் செய்தனர் என்பது இதற்குச் சொல்லப்படக் கூடிய எளிய மறுமொழி. ஐரோப்பாவிலேயே வில்லியம் ஹெபர்டன் 1767இல் இலண்டனில் விளக்கிய பிறகுதான் இந்த வேறுபாடு மருத்துவர்களிடையே நிலைபெற்றது என்பதும் உடன் நினைவூட்டப்படலாம். இம்மறுமொழிக்கு எதிராகச் சித்த மருத்துவ மரபில் வழங்கும் பதினான்கு வகை அம்மைகளின் பட்டியல் நிற்கிறது. அதில் கடுகம்மை, மிளகம்மை, கொள்ளம்மை, வெந்தய அம்மை, பாசிப்பயறு அம்மை எனப் பல பெயர்கள் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் தானியக் குதிரிலிருந்தும் எடுக்கப்பட்டவை. கொப்புளத்தின் பருமனையும் வடிவையும் கண்ணால் அளந்து இட்ட பெயர்கள் இவை. வடமொழி மருத்துவத்தின் மசூரிகை என்னும் பெயரும் மசூர்ப் பருப்பின் வடிவையே குறிப்பது. இவ்வரிசையில் சின்னம்மையைக் குறிக்கும் நீர்க்கொளுவன் என்ற பெயர் பயறையோ விதையையோ சுட்டாமல், நீரைக் கொண்டிருப்பது எனப் பொருள்படும் வகையில் கொப்புளத்தின் உள்ளீட்டைச் சுட்டுகிறது. ஈழத்தில் சின்னம்மையைக் கொப்புளிப்பான் என்பதும் இதே பார்வையின் விளைவு. பெரியம்மையின் கொப்புளம் தோலுக்குள் ஆழப் பதிந்து கெட்டியாக இருக்க, சின்னம்மையின் கொப்புளம் மெல்லிய தோலுடன் நீர்த்துளி போல மேலே நிற்கும் என்பதை வைத்துப் பார்த்தால், இப்பெயரை இட்டவர்கள் நோயைப் பிரித்தறிந்தே இட்டார்கள் என்று கொள்ள வேண்டும். அகத்தியர் பெயரிலும் பிறர் பெயரிலும் வழங்கும் சித்த நூல்களின் காலம் இன்னும் அறுதியிடப்படவில்லை. ஆகவே இப்பிரிவினை ஹெபர்டனுக்கு முந்தியதா பிந்தியதா என்ற போட்டிக்கு இங்கு இடமில்லை.

பெயர்களைவிட வலுவான சான்று நோயாளிக் குழந்தையின் தோலிலேயே இருக்கிறது. பெரியம்மைக் கொப்புளம் முதலில் வலியைத் தருவது. அரிப்பு பெரிதும் பொருக்கு உதிரும் பிற்பகுதிக்கு உரியது. சின்னம்மையிலோ முதல் கொப்புளம் தோன்றிய நாளிலிருந்தே குழந்தையைத் தூங்கவிடாமல் படுத்துவது அரிப்புதான். அணியணியாகப் புதுக் கொப்புளங்கள் கிளம்ப, ஒரே நேரத்தில் மார்பில் காய்ந்ததும் முதுகில் புதியதும் காணப்படும். பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் வேப்பிலையைப் பரப்பிக் குழந்தையைக் கிடத்தி, நகம் படாமல் இளங்கொழுந்துக் கொத்தால் மேலிருந்து கீழாக வருடிவிடும் முறை, அரிப்பை அடக்கவும் சொறிவதைத் தடுக்கவும் அமைந்த முறை. சொறிந்தால் கொப்புளம் உடைந்து, நகத்தின் வழியே சீழ்க் கிருமி புகுந்து, தழும்பு நிலைக்கும் என்பதை இன்றைய குழந்தை மருத்துவமும் சொல்கிறது. எனவே இம்முறை பெரியம்மைக்காகத் தோன்றிச் சின்னம்மைக்கு இரவலாக வந்தது என்ற பொதுக் கருத்தைத் தலைகீழாகவும் வாசிக்க இடமுண்டு. பொருக்கு நிலையில் பெரியம்மையும் அரித்தது என்பதால் இவ்வாதம் முற்ற முடிந்ததன்று. ஆனால் எதிர்வாதத்துக்கு இந்த அளவுச் சான்றும் இல்லை.

பெரிய எழுத்துப் பதிப்புகளாகப் பரவிய மாரியம்மன் தாலாட்டும் இங்குக் கருதத் தக்கது. பெரியாழ்வார் முதல் பிள்ளைத்தமிழின் தாலப் பருவம் வரை தெய்வத்தைக் குழந்தையாக்கித் தொட்டிலிடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. இத்தாலாட்டிலோ தாய் என்றே விளிக்கப்படுபவள் தாலாட்டப்படுகிறாள். முத்து, அதாவது கொப்புளம், இறங்க வேண்டும் என்பது வேண்டுதல். பாடுபவள் அமர்ந்திருப்பதோ அரிப்பால் புரளும் பிள்ளையின் தலைமாட்டில். உடம்பில் வந்திருப்பவளும் உடம்புக்கு உரிய பிள்ளையும் ஒரே குரலால் உறங்க வைக்கப்படுகிறார்கள். சமயபுரத்தில் மாசி இறுதியில் தொடங்கும் பச்சைப் பட்டினி விரதத்தில் 28 நாட்கள் அம்மனுக்குத் தளிகை இல்லை. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் போன்றவையே படைக்கப்படுகின்றன. பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள் என்பது கோயில் மரபு. அம்மை கண்ட குழந்தைக்குத் தாளிப்பும் எண்ணெயும் நீக்கி இளநீரும் மோரும் கொடுக்கும் பத்தியத்தை இதனருகே வைத்துப் பார்த்தால், சினந்தவளுக்குச் செலுத்தும் கப்பமாக இதைக் கொள்வது கடினம். மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்குக்குக் குளிர்த்தி என்றே பெயர். ஒயிட்ஹெட்டும் தணித்தல் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் சினத்தைத் தணிப்பதாக மட்டும் கொண்டார், இச்சான்றுகள் சூட்டைத் தணிப்பதையும் பேசுகின்றன.

இந்தியாவில் உள்நாட்டில் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1975 மே மாதத்தில் பதிவாயிற்று. 1980இல் உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அச்சமே வேராக இருந்திருப்பின் சடங்கும் அத்துடன் தேய்ந்திருக்க வேண்டும். வேப்பிலையோ இன்று துத்தநாக ஆக்ஸைடு கலந்த இளஞ்சிவப்புக் கேலமைன் குப்பிக்கும் பாராசிட்டமால் மருந்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னம்மைக்கு வழங்கும் விளையாட்டம்மை என்ற பெயரை, அச்சம் வேரன்று என்பதற்குத் துணையாகக் காட்டலாம். அதில் விளையாடுவது குழந்தையா, ‘ஆத்தா விளையாடுகிறாள்’ என்ற வழக்கின்படி அம்மனா என்பது தெளிவில்லை. சிறு நோய் என்ற பொருளும் இருக்கக் கூடும். ஆகவே அச்சொல்லின் மேல் அதிகம் கட்டுவது முறையன்று.

முத்து வாடிய பின் மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றும் நாள்கணக்கும் அவ்வாறே எஞ்சி நிற்கிறது. ஒற்றைப்படை நாட்களில் ஊற்றுவது பரவலான வழக்கம். எந்த நாளில் முதல் தண்ணீர் என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. சின்னம்மைக் கொப்புளங்கள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பொருக்காகிவிட, பெரியம்மையின் பொருக்கு உதிர மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். ஏழாம் நாளிலோ ஒன்பதாம் நாளிலோ முதல் தண்ணீர் ஊற்றும் ஊர்களின் கணக்கு சின்னம்மைக்குப் பொருந்துகிறது. அது முன்பே இருந்த கணக்கா, 1975க்குப் பின் சுருங்கிய கணக்கா என்பதை ஊர்வாரியாகத் தொகுத்தே சொல்ல இயலும்.