ஆரோ கிராமம்: மனநோயாளர் பராமரிப்பு வரலாற்றில் ஓர் ஏடு

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள அபெயொகூட்டா நகரம் மிஷன் வரலாறு பயில்வோர்க்குப் புதியதன்று. 1846 இல் சர்ச் மிஷனெரி சங்கத்தார் அங்கு ஊழியம் தொடங்கியபோது, அவர்களுள் ஒருவராக வந்தவர் சாமுவேல் அஜாயி குரௌதர். அடிமைக் கப்பலினின்று மீட்கப்பட்ட இந்த யொரூபா மைந்தர், 1864 இல் ஆப்பிரிக்கருள் முதலாவது ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றார். திருமறை யொரூபா மொழியில் உருப்பெற அவர் ஆற்றிய உழைப்பு பெரிது. கடவுளின் வார்த்தையை மனிதர் தம் தாய்மொழியிலேயே கேட்க வேண்டும் என்பது அவ்வுழைப்பின் அடிப்படையாகும்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் அதே நகரில் மற்றொரு வினா எழுந்தது. நற்செய்தியைத் தாய்மொழியில் கேட்க உரிமையுள்ளவர்க்கு, தம் உள்ளத்தின் வேதனையையும் தாய்மொழியிலேயே சொல்லிக் குணம்பெற உரிமையில்லையா? டாக்டர் தாமஸ் அடெயோயே லாம்போவின் பணியை இவ்வினாவுக்குரிய விடையாகக் கொள்ளலாம். ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அறியவேண்டிய வரலாறு இது.

குடியேற்ற ஆட்சியின் பார்வை

நைஜீரியாவில் ஆங்கில அரசு மனநோயாளர்க்கென அமைத்த தொடக்ககால விடுதிகளுள் ஒன்று, லாகோஸ் நகரின் யாபா பகுதியில் 1907 இல் திறக்கப்பட்டது. அத்தகைய விடுதிகள் குணமாக்கும் இடங்களாக அல்ல, அடைத்துவைக்கும் இடங்களாகவே நெடுங்காலம் இயங்கின. நோயாளி தன் ஊரையும் உறவையும் இழந்து, தன் மொழி அறியாதார் கையில் ஒப்புவிக்கப்பட்டான்.

இந்நடைமுறைக்குத் துணையாக ஒரு கொள்கையும் இருந்தது. கென்யாவில் பணியாற்றிய கரோதர்ஸ் என்னும் மருத்துவர் ஆப்பிரிக்கரின் மனத்தைக் குறித்து எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1953 இல் வெளியிட்டது. ஆப்பிரிக்கர் தம் மூளையின் முன்பகுதியைக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர் என்பது அவர் கருத்து. ஓர் இனத்தார் முழுவதையுமே குறையுள்ளவராகக் காணும் இப்பார்வையை லாம்போ பின்னர் வன்மையாக மறுத்தார்.

இருமொழி மருத்துவர்

லாம்போ 1923 இல் அபெயொகூட்டாவிலேயே பிறந்தார். அங்குப் பாப்டிஸ்ட் சபையார் நடத்திய ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும், பின்பு லண்டனில் மனநல மருத்துவமும் கற்றார். ஆங்கிலத்தில் கற்ற கலையை யொரூபா மக்களிடையே கையாள வேண்டிய பொறுப்பு 1954 இல் அவரிடம் வந்தது. அபெயொகூட்டாவை அடுத்த ஆரோவில் எழுந்துவந்த மனநல மருத்துவமனைக்கு அவர் தலைமையேற்றார்.

கட்டடங்கள் இன்னும் முடிவுறவில்லை. அவை முடியுமட்டும் காத்திராது, அருகிலிருந்த கிராமத்தாரை அணுகி, நோயாளர்க்குத் தங்கள் வீடுகளில் இடமளிக்க இசைவு பெற்றார். நோயாளி தனியே வருவதற்கில்லை. தாயோ, உடன்பிறந்தாரோ, வேறு உறவினரோ ஒருவர் உடன்வந்து தங்கிச் சமைத்துப் பராமரிக்க வேண்டும். காலையில் அவ்வுறவினர் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். மருந்தும் மின்அதிர்வு முதலிய சிகிச்சைகளும் அங்கு அளிக்கப்படும். பின்னர் இருவரும் கிராமத்திற்குத் திரும்புவர். வீடளித்தவர்கள் வாடகை பெற்றனர். கிராமத்தின் குடிநீர், சுகாதார வசதிகளுக்கும் மருத்துவமனை உதவிற்று. இவ்வாறு நோயாளியும் குடும்பமும் ஊராரும் மருத்துவரும் ஒரே பணியில் பங்காளிகளாயினர்.

உள்ளூர் வைத்தியர்களையும் லாம்போ துணைக்கு அழைத்தார். கிராமத்தில் நோயாளரின் கூட்டு வாழ்வையும் சமூக நிகழ்ச்சிகளையும் அவர்கள் மேற்பார்வையிட்டனர். யொரூபா மக்கள் நோயை எவ்விதம் விளங்கிக்கொள்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பதை அவர்கள் அறிந்திருந்தமையே இதற்குக் காரணம்.

சொல்லும் துன்பமும்

மொழியின் இன்றியமையாமை பிறிதோர் ஆய்விலும் வெளிப்பட்டது. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் லெய்ட்டன் குழுவினரும் லாம்போவும் இணைந்து யொரூபா மக்களிடையே ஆய்வு நடத்தி, 1963 இல் நூலாக வெளியிட்டனர். சித்தம் கலங்கிய நிலையைக் குறிக்க அம்மக்களிடம் ‘வெரே’ என்னும் சொல் உண்டு. ஆங்கில மருத்துவர் கூறும் மனச்சோர்வு நோய்க்கு நேரான ஒரு சொல்லோ அம்மொழியில் இல்லை. ஆயினும் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, ஓயாத அழுகை முதலிய அதன் அடையாளங்களை மக்கள் நன்கறிந்திருந்தனர். சொல் இல்லாதது கொண்டு துன்பமும் இல்லையென முடிவுசெய்வது எத்துணைப் பிழை! இருமொழியும் அறிந்தவரே அப்பிழையைக் காணக்கூடும்.

லாம்போ பின்னர் இபாடன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். முன்னாளில் கரோதர்ஸின் நூலை வெளியிட்ட அதே நிறுவனம் அவரைத் தன் தலைவர்களுள் ஒருவராக ஏற்றது கருதத்தக்கது. 2004 இல் அவர் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

திருச்சபையார் இங்கு ஒரு தடை எழுப்பக்கூடும். குறிகேட்டலோடும் பலியோடும் தொடர்புடைய வைத்தியரைத் துணைக்கொள்வது தகுமோ? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. லாம்போவும் அவர்கள் செய்த யாவற்றையும் ஏற்றவரல்லர். மருத்துவப் பொறுப்பைத் தம் கையிலேயே வைத்திருந்தார். ஒருவருடைய நம்பிக்கையை ஏற்பது வேறு. அந்நம்பிக்கையை உடைய மனிதரை மதித்துக் கேட்பது வேறு. முன்னதற்கு அஞ்சிப் பின்னதையும் கைவிட்டோமாயின், நோயாளி நம்மிடம் வாய்திறவான்.

அன்றியும், குற்றம் பிறரிடத்து மட்டும் உள்ளதன்று. நைஜீரியாவில் மனநோயாளர் சங்கிலியால் பிணைக்கப்படுவதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2019 இல் வெளிப்படுத்தியபோது, அவ்விடங்களுள் கிறிஸ்தவ நிலையங்களும் இருந்தன. நாட்டு வைத்தியரின் அறியாமையைக் கண்டித்த நாம், ஜெபத்தின் பெயரால் நடந்த இக்கொடுமைக்கு என்ன மறுமொழி கூறுவோம்?

நம் நாட்டிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 இல் தொடங்கப்பட்டு, குடும்பத்தார் நோயாளியோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. ஆகவே ஆரோ உணர்த்தும் பாடம் நமக்கு அந்நியமானதன்று. மனம் கலங்கியவரைச் சந்திக்கச் செல்லும் ஆயர், அவரைப் பற்றிப் பிறரிடம் வினவுவதற்குமுன் அவரிடமே பேசட்டும். அவருடைய வீட்டுப் பேச்சிலேயே பேசட்டும். தேவையான மருத்துவத்திற்குத் தடையாக நில்லாது, உடன்சென்று துணைநிற்கட்டும்.

கல்லறைகளினிடையே சங்கிலிகளை முறித்துத் திரிந்த மனிதனிடம் நம் ஆண்டவர் அவன் பெயரைக் கேட்டார். குணமடைந்தபின், தம்முடன் வர விரும்பிய அவனை அவன் வீட்டாரிடத்திற்கே அனுப்பினார். பெயரும் வீடும் திரும்பப் பெறும்வரை குணமாதல் முற்றுப்பெறுவதில்லை.