இரண்டு சிலைகள், இரண்டு வீடுகள்

சென்னை மெரினாவில் வரிசையாக நிற்கும் சிலைகளில் இரண்டு வெள்ளைக்காரப் பாதிரியார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கால்டுவெல். இன்னொருவர் ஜி.யு.போப். இரண்டுமே 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைக்கப்பட்டவை. ஒருவர் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினார். இன்னொருவர் திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். ரெண்டு மார்க் கேள்விக்கு இது போதும்!

ஆனால், இந்த இரண்டு பேருமே 1840களில், தூத்துக்குடியை ஒட்டிய ஒரே கடலோரச் சீமையில், புதுசாகக் கல்யாணம் ஆகிக் குடித்தனம் போட்டவர்கள். இந்த வாரம் இலக்கணமும் வேண்டாம், குறளும் வேண்டாம். அந்த இரண்டு வீடுகளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

அன்றைய தூத்துக்குடி எப்படி இருந்தது? கடலோரம் முழுக்க பரதவர் ஊர்கள். முத்துக் குளிப்பதே தொழிலாக இருந்த அந்த மக்கள் 1530களிலேயே கத்தோலிக்கர்களாகி, அப்போதே மூன்று நூற்றாண்டு ஓடியிருந்தது. அங்கே புதுப் பாதிரியார்களுக்கு வேலை இல்லை. அதனால் புராட்டஸ்டன்ட் மிஷன்காரர்கள் கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே, பனங்காட்டுக்கும் செம்மண் தேரிக்கும் போனார்கள்.

முதலில் போப் வீடு. 1839இல் சென்னைக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 19. 1841இல் கார்வர் பாதிரியாரின் மகள் மேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். மறு வருஷமே தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் சாயர்புரத்துக்கு வந்துவிட்டார். அங்கே அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் பின்னால் செமினரியாக, கல்லூரியாக வளர்ந்தது.

1845. தூத்துக்குடி. மேரி இறந்துபோனார். நாலே வருஷத்துத் தாம்பத்தியம்.

இன்றைக்குப் படிக்கும்போது நமக்குத் திக்கென்றிருக்கிறது. அன்றைக்கு இளம் மனைவிகளின் மரணம், அதுவும் பிரசவத்தில், ஊர் ஊராக நடந்த சங்கதி. 1817இல் இங்கிலாந்து இளவரசி சார்லெட்டே பிரசவத்தில்தான் இறந்தார். அரண்மனை வைத்தியர்கள் சுற்றி நின்றும் காப்பாற்ற முடியவில்லை. பிரசவம் பார்க்கும் டாக்டர்கள் கையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று வியன்னாவில் செம்மல்வெய்ஸ் சொன்னதே 1847இல்தான். அப்போதும் கேட்டவர்கள் கம்மி. அப்படியிருக்க, ஒரு சின்னத் துறைமுக ஊரில் என்ன வசதி இருந்திருக்கும்?

போப் சென்னைக்குப் போய்விட்டார். 1849இல் ஹென்ரியட்டா என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வெளிவந்தது. அந்தக் குறளின் ஆறாவது அதிகாரத்துக்குப் பெயர் ‘வாழ்க்கைத் துணைநலம்’. அதை ஆங்கிலத்தில் எழுதியவர் 25 வயதில் மனைவியைப் பறிகொடுத்தவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது கால்டுவெல் வீடு. இவர் கதையில் கொஞ்சம் ‘கட்சி மாறிய’ சமாசாரமும் உண்டு. 1838இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆளாகத்தான் சென்னைக்கு வந்தார். 1841இல் அதை விட்டு ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். சென்னையிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி, பெரும்பாலும் நடந்தே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். திசையன்விளைக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஊர். தனி ஆள். கிணறு தோண்டினார், தெருக்களை நேர்கோட்டில் போட்டார், மரம் நட்டார். ஊர் தயாராகிவிட்டது. வீடு?

1844 மார்ச்சில் மணமகள் வந்தார். எலைசா மால்ட். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். இந்த மாமனார் எந்தச் சங்கம் தெரியுமா? மாப்பிள்ளை விட்டுவந்த அதே லண்டன் மிஷனரி சங்கம்! பழைய கட்சிக்காரர் வீட்டிலேயே பெண் எடுத்துவிட்டார். எலைசாவுக்கோ, பிறந்த வீட்டு வழிபாட்டு முறை வேறு, புகுந்த வீட்டு முறை வேறு. அப்பா சபையிலிருந்து புருஷன் சபைக்கு மாறும் சங்கடம் நம்மூர்ப் பெண்களுக்குப் புதிதா என்ன?

மாப்பிள்ளைக்கு 29 வயது. பெண் பிறந்தது 1822இல். கால்டுவெல் தமிழைப் புத்தகம் வைத்து, முன்ஷி வைத்துப் படித்தவர். எலைசாவோ நாகர்கோவில் மிஷன் வளாகத்தில் காது வழியாகத் தமிழை வாங்கிக்கொண்டு வளர்ந்தவர். ஊர்ப் பெண்கள் அடுப்படியில் பேசும் தமிழ் அவருக்குத் தெரியும். ஆண் பாதிரியார் நுழைய முடியாத இடம் அது.

அவர் கொண்டுவந்த சீதனம் இன்னொன்றும் உண்டு. அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தவர். மகள் அந்த வித்தையை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். கல்யாணமான சுருக்கிலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிவிட்டார்.

கேட்க சுலபமாக இருக்கிறது. பனையேறி வீட்டுக் கணக்கைப் பாருங்கள். அப்பா மரம் ஏறிப் பதநீர் இறக்கினால், அம்மா விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். விறகு பொறுக்க, அடுப்பைப் பார்க்க, தம்பி தங்கையைத் தூக்க வீட்டுப் பெண்பிள்ளை வேண்டும். அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் இரண்டு கை குறையும். வரவில்லாத செலவு! அதனால்தான் லேஸ் முக்கியம். எழுத்துக்கூட்டிப் படித்த பெண் கையில் சொந்தச் சம்பாத்தியமும் வந்தது. இப்படிப் படித்த பெண்களைத்தான் உபதேசியார்கள் தேடிக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் போன ஊர்களில் திண்ணைகள் சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களாயின.

ஆனால் மிஷன் பேரேட்டில் சம்பளம் ஒருவருக்குத்தான். மனைவி ‘மிஷனரியின் மனைவி’, அவ்வளவுதான். அவர் பெயரில் தனி வரவு கிடையாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பேர் உழைப்பை ஒரு பெயரில் எழுதினால் அந்தக் கணக்கு சரியான கணக்கே இல்லை.

ஏழு பிள்ளைகள். விடுதி நிறையப் பெண்பிள்ளைகள். 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டையான கோவில் கட்டுமானம். நடுவே 1856இல் ஒப்பிலக்கணம், பைபிள் தமிழ் மொழிபெயர்ப்புத் திருத்தம், கொற்கை, காயல் ஆராய்ச்சி, 1881இல் திருநெல்வேலி சரித்திரம். எழுத உட்கார்ந்த மனிதருக்குப் பின்னால் ஒரு வீடு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

1883இல் கால்டுவெல் தூத்துக்குடிக்கு மாறினார். போப் சாயர்புரத்தில் விதைத்த கல்லூரியும் கூடவே வந்து, ‘கால்டுவெல் கல்லூரி’ ஆனது. மேரி இறந்த அதே ஊரில் இரண்டு வீட்டுக் கதைகளும் ஒன்று சேர்ந்தன. அந்தக் கல்லூரி நீடிக்கவில்லை. ஆனால் ‘கால்டுவெல்’ என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் தூத்துக்குடியில் இன்றும் இருக்கிறது.

1891இல் கால்டுவெல் மறைந்தார். 47 வருஷத் தாம்பத்தியம். எட்டு வருஷம் கழித்து, 1899இல் எலைசாவும் போய்ச் சேர்ந்தார்.

இடையன்குடியில் அவர்கள் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011இல் ‘கால்டுவெல் நினைவு இல்லம்’ ஆக்கியது. அந்தப் பக்கம் போனால் அவசியம் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால், ‘இது கால்டுவெல் வீடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எலைசா வீடும் அதுதான்!