பைண்டிங் கடைக்கு வந்த புத்தகம்

கதை எழுதுகிற எனக்கு ஒரு ரஸாயனப் புத்தகத்தின் மேல் பொறாமை உண்டு. லண்டன் மாது ஜேன் மார்ஸெட் எழுதி, 1806-ல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்த புத்தகம் அது.

அக்காலத்தில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கம் என்றால் நாகரிக உலகமே திரளும். ஜேனும் போனார். சோதனைகள் கண்ணைப் பறித்தன. விஷயம்தான் மனத்தில் நிற்கவில்லை. பிறகு ஒரு நண்பரோடு பேசிப் பேசியே தெளிந்துகொண்டார். புத்தகத்தையும் பேச்சாகவே எழுதிவிட்டார். திருமதி பி. என்ற ஆசிரியை, எமிலி, காரோலின் என்று இரண்டு மாணவிகள். காரோலின் துடுக்கு. ரஸாயனமென்றால் மருந்து கலக்குகிற சமாசாரந்தானே என்று ஆரம்பத்திலேயே முகம் சுளிப்பாள். வாசகர் கேட்க வெட்கப்படுவதையெல்லாம் அவளே கேட்டுவிடுகிறாள். என் நாவல்களில் இத்தனை உபகாரமான பாத்திரம் அமைந்ததில்லை!

அந்தப் புத்தகம் ஒரு பைண்டிங் கடையில் வேலை பழகிய பையன் கையில் சிக்கியது. கொல்லன் மகன், பள்ளிப் படிப்பு சொற்பம். படித்ததை அவன் அப்படியே நம்பிவிடவில்லை. தன் சக்திக்கு எட்டிய சிறு சோதனைகளைச் செய்து பார்த்தான். சொன்னது சொன்னபடியே நடந்தது. எளிதாக்குகிறேன் பேர்வழி என்று அந்த அம்மாள் ஓரிடத்தில் பூசி மெழுகியிருந்தால், பையன் புத்தகத்தை மூடியிருக்கக்கூடும்.

அவன்தான் மைக்கேல் ஃபாரடே; 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கிக் காட்டியவர். பிற்காலத்தில் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த அம்மாளுக்கு அனுப்பிவந்தார். 1858-ல் ஜேன் காலமானபோது ஃபாரடேக்கு வயது 66. ரஸாயனத்தில் தாம் காலூன்றியது அந்தப் புத்தகத்தால்தான் என்று ஸ்விஸ் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.