தனிக்கூறு ஆப்-ஆம்ப் நிலைத்த வரலாறு: ஒலி முன்பெருக்கியில் சுற்றைப் படித்தலும் பழுதறிதலும்

முன்னுரை

ஃபேர்சைல்ட் நிறுவனம் 1965இல் 709 என்னும் ஆப்-ஆம்ப் ஐ.சி.யையும் 1968இல் 741ஐயும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு சிறு சிலிக்கன் துண்டில் முழுப் பெருக்கியும் அடங்கிவிட்ட பிறகு, டிரான்சிஸ்டர்களையும் மின்தடைகளையும் தனித்தனியே பற்றவைத்து ஆப்-ஆம்ப் செய்யும் வழக்கம் அளவைக் கருவிகளிலிருந்தும் கணிப்புக் கருவிகளிலிருந்தும் பெரும்பாலும் விலகியது. ஒலிப்பதிவுத் துறையில் அப்படி நேரவில்லை. மைக் முன்பெருக்கிகளுக்கான தனிக்கூறு ஆப்-ஆம்ப் பலகைகளை ஆர்வலர்கள் இன்றும் தாமே கட்டுகிறார்கள். ‘ஐ.சி.யைவிட இதன் ஒலி இனிது’ என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். அந்த விளக்கம் வரலாற்றின் ஒரு பகுதிக்கே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். முதற்கட்டத்தில் தனிக்கூறுச் சுற்றைக் காத்தது ஐ.சி.களின் அளந்தறியத்தக்க குறை. அக்குறை தீர்ந்த பின் அதைக் காத்தது, திறந்து படிக்கவும் பழுதறிந்து திருத்தவும் அது இடம் கொடுத்தது.

முதற்கட்டம்: அளவீடு காட்டும் காரணம்

ஆப்-ஆம்ப் தொடக்கக் காலத்திலேயே செருகிக் கழற்றும் பொருளாகிவிட்டது. 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பில்பிரிக்கின் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ, இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகளைக் கொண்டு ±300 வோல்ட்டில் இயங்கியது. வால்வைப் போலவே தாங்கியில் செருகப்பட்டது. 1960களின் இறுதியில் ஏபிஐ நிறுவனத்துக்காக சால் வாக்கர் உருவாக்கிய 2520உம் இதே மரபில் வந்த சிறு சதுரக் கட்டிதான். அதன் உள்ளே இருந்தவை டிரான்சிஸ்டர்கள். கைக்கு எட்டும் விலையில் ஐ.சி. இருந்தபோது இந்தக் கட்டிக்கு என்ன தேவை என்பதைக் கணக்கே சொல்லும். 741இன் உள்ளீட்டு நிலையில் ஓடுவது ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியர். சுற்று அலைவுறாமல் இருக்க உள்ளேயே வைக்கப்பட்ட மின்தேக்கி 30 பிக்கோஃபாரட். இவ்வளவு சிறிய மின்னோட்டம் அந்த மின்தேக்கியை நிரப்பும் வேகமே வெளியீட்டின் உச்ச வேகம்; அது மைக்ரோவினாடிக்குச் சுமார் 0.5 வோல்ட்தான். ஆகவே 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலையை ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 741ஆல் சிதைவின்றித் தர இயலாது. ஸ்டுடியோக் கருவி +24 டிபியூ அளவைத் தாங்கவேண்டுமானால் வெளியீட்டின் உச்சம் 17 வோல்ட்டைத் தாண்டும். 20 கிலோஹெர்ட்ஸில் அதற்கு மைக்ரோவினாடிக்கு 2 வோல்ட்டுக்கும் கூடுதலான வேகம் வேண்டும். இதனுடன் அக்கால ஐ.சி.களில் பிஎன்பி டிரான்சிஸ்டர்கள் கிடைமட்ட அமைப்பில் செய்யப்பட்டதால் மந்தமாக இயங்கின. தனியே வாங்கும் பிஎன்பிக்கு அந்தத் தடை கிடையாது. அது வேண்டிய மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் தாங்கும். ஆக, அந்நாளில் தனிக்கூறு வடிவத்தைத் தேர்ந்தவர்கள் அளவீட்டின் பக்கமே நின்றார்கள்.

திருப்பம்: 1980

1970களின் பிற்பகுதியில் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் 5534 பரவியதும் அந்த அடிப்படை ஆட்டம் கண்டது. மைக்ரோவினாடிக்கு 13 வோல்ட் வேகமும் குறைந்த இரைச்சலும் கொண்ட அந்த ஐ.சி.யும், அதன் இரட்டை வடிவமான 5532உம் பல மிக்ஸிங் கன்சோல்களில் இடம்பிடித்தன. இந்த வேளையில்தான், 1980இல், டீன் ஜென்சன் தம் ஜேஇ-990 வடிவமைப்பை ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். உள்ளீட்டில் எல்எம்394 என்னும் பொருத்தப்பட்ட டிரான்சிஸ்டர் இணை. ±24 வோல்ட் மின்வழங்கல். 75 ஓம் சுமையையும் இயக்கும் வெளியீட்டு நிலை. உமிழ்ப்பான்களில் மின்தடையை மட்டும் நம்பாமல் சிறு மின்தூண்டிகளையும் சேர்த்தது அதன் நுட்பமான பகுதி. மின்தடையைக் கூட்டினால் சுற்று நிலைபெறும், வேகமும் கூடும், ஆனால் வெப்ப இரைச்சலும் கூடும். மின்தூண்டியோ உயர் அதிர்வெண்ணில் மட்டும் தடுத்து, செவிக்கெட்டும் எல்லையில் இரைச்சல் சேர்க்காமல் விலகி நிற்கும். இந்தத் தீர்வைவிட வரலாற்றுக்கு முக்கியமானது, அது காரணங்களோடு அச்சில் வந்தது என்பதே. 2520 எப்பாக்சியில் மூடி முத்திரையிடப்பட்ட பொருள். 990ஐ வாசகர் எவரும் பாகம் பாகமாகப் புரிந்துகொண்டு கட்டலாம்.

பழுதறிதல் என்னும் வாசிப்பு

படிக்கத்தக்க சுற்று என்பதன் பொருள் பணிமேசையில் விளங்கும். புதிதாகப் பற்றவைத்த பலகைக்கு முதலில் மின்னோட்ட வரம்பு வைத்த மின்வழங்கியிலிருந்து மின்சாரம் தரப்படுகிறது. ஓய்வு மின்னோட்டம் எதிர்பார்த்ததைவிட எகிறினால் உடனே நிறுத்தலாம். அடுத்து பார்க்கவேண்டியது வெளியீட்டின் டிசி வோல்ட் அளவு. அது மின்வழங்கியின் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டால், எதிர்ப் பின்னூட்டம் காரணமாக ஒரு பாகத்தின் பழுது எல்லாக் கணுக்களிலும் தவறான வோல்ட்டாகத் தெரியும். அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: நேர் உள்ளீடு எதிர் உள்ளீட்டைவிட உயர்ந்திருந்தும் வெளியீடு கீழ்முனையில் கிடக்கிறதா? ஆம் எனில் பின்னூட்டம் சரியாகவே முறையிடுகிறது. அதற்குச் செவிசாய்க்காத நிலை பெருக்கியின் உள்ளே இருக்கிறது. பிறகு ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட் இருக்கிறதா என்றும், மின்னோட்ட மூலத்தின் மின்தடையில் விழும் வோல்ட் என்ன என்றும் மல்டிமீட்டரால் நடந்து பார்க்கலாம். கால்களின் வரிசை அடிக்கடி ஏமாற்றும்: தட்டைமுகம் நம்மை நோக்க, 2என்3904இல் அது உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான், பிசி547இல் ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான், 2எஸ்சி1815இல் உமிழ்ப்பான், ஏற்பான், அடிவாய். வோல்ட்டுகள் ஏறக்குறைய சரியாக இருந்தும் வெளியீட்டு டிரான்சிஸ்டர் சுட்டால், செவிக்கு எட்டாத மெகாஹெர்ட்ஸ் அலைவை ஆசிலோஸ்கோப்பில் தேடவேண்டும். மின்வழங்கிக் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இல்லாமையோ, நீண்ட கேபிளின் கொள்ளளவோ பெரும்பாலும் அதன் காரணம். சார்பு டயோடுகள் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் வெப்பத்தை உணரும்படி ஒட்டி அமையாவிட்டாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். ஐ.சி.யில் இந்தக் கணுக்கள் எதையும் தொட முடியாது. மாற்றிப் பார்ப்பதே அங்கே பரிசோதனை.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, தனிக்கூறுச் சுற்றுக்கே உரிய ஒலி உண்டு என்பது. பழைய முன்பெருக்கிகளில் உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் மின்மாற்றிகள் இருந்தன. தாழ் அதிர்வெண்ணில் அவற்றின் இரும்பு மையம் செறிவடைந்து சிதைவு சேர்ப்பது அளந்தறிந்த உண்மை. மின்மாற்றியைப் பிரித்துவிட்டு ஒப்பிடாத வரை, கேட்ட இனிமையை ஆப்-ஆம்ப்பின் கணக்கில் எழுத இயலாது. இரண்டாவது மறுப்பு வலுவானது: மூல 2520 முத்திரையிடப்பட்டதாயிற்றே, திறந்த தன்மை எப்படிக் காரணமாகும்? அது முதற்கட்டத்தின் காரணம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. 2520 விட்டுச்சென்றது கால்களின் பொது அமைப்பு. 1980க்குப் பின் வந்த திறந்த சுற்றுகள் அந்த அமைப்பிலேயே குடியேறியதால், பழைய கன்சோலில் புதிய பலகையைச் செருக முடிந்தது. மூன்றாவது, எல்எம்394 போன்ற பாகங்கள் உற்பத்தியில் இல்லை என்பது. அதன் பணி குறைந்த இரைச்சலும் ஒத்த வெப்பநிலையும் என்பது தெரிந்ததால்தான் வேறு பொருத்தப்பட்ட இணைகளை அதன் இடத்தில் வைக்கிறார்கள். காரணம் அச்சில் இல்லாத சுற்றில் அந்த மாற்று வெறும் ஊகமாகிவிடும்.

முடிவுரை

ஆகவே தனிக்கூறு ஆப்-ஆம்ப்பின் நீடிப்பைப் பழமை ஏக்கமாகவோ ஐ.சி.யை வென்ற ஒலியாகவோ எழுதுவது வரலாற்றைக் குறுக்கும். இன்று ஒரு நல்ல ஐ.சி. மிகக் குறைந்த செலவில் அதே பணியைச் செய்யும். அதை மறுக்கத் தேவையில்லை. தனிக்கூறுப் பலகை தருவது வேறொன்று: பின்னூட்டம், நிலைப்பு, இரைச்சல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதை ஒவ்வொரு கணுவிலும் அளந்து பார்க்கும் வாய்ப்பு. பழைய கருவிகளைப் பேணும் கூடங்கள் பாகங்களைச் சேமிப்பதோடு, சுற்றுப்படத்தையும் கணு வோல்ட்டுகளையும் வடிவமைப்பின் காரணங்களையும் எழுதி வைப்பதே இவ்வரலாறு அவற்றுக்கு இடும் கடமை.